பொட்டலமாக மாறுவது எப்படி: பெல்ஜியத்தில் குதித்த விமானிக்கு 1943-ன் வழிமுறை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் விமானம் தீப்பிடித்து, ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்ஜியத்து வயலில் பாரசூட்டில் இறங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானிக்கு ஊர் திரும்ப ஒரு பாதை இருந்தது. பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், பிரான்சின் தென்மேற்கு மூலை, பைரனீஸ் மலை, ஸ்பெயின், கடைசியில் பிரிட்டன் வசமிருந்த ஜிப்ரால்டர். 1941-ல் ஆந்த்ரே தெ யோங் என்ற 24 வயதுப் பெண் முன்னின்று தொடங்கிய 'கோமெட்' தடம் இது. இப்படிப்பட்ட தடங்களில் விமானிகளைப் பொட்டலம் என்றே சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய வேலையும் அதுதான். பொட்டலம் தானாக நகராது, யார் கட்டி அனுப்பினார்கள் என்றும் சொல்லாது.

முதல் ஒரு மணி நேரம் மட்டும் எல்லாம் உங்கள் கையில். வெள்ளைப் பாரசூட் தூரத்திலிருந்தே தெரியும். மிதவைச் சட்டையோடு சேர்த்துச் சுருட்டி, வேலிப் புதருக்குள் தள்ளி இலைதழையால் மூடுங்கள். பிறகு நடையைக் கட்டுங்கள். விமானம் விழுந்த இடத்தைச் சுற்றித்தான் தேடுவார்கள். பக்கத்து வைக்கோல் போரைத்தான் முதலில் குத்திப் பார்ப்பார்கள். விடிவதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ போய், பகல் முழுக்கக் காட்டிலோ பள்ளத்திலோ படுத்துக்கிடங்கள்.

காலைக் கவனியுங்கள். பழைய மாதிரி பூட்ஸ் தொளதொளவென்று இருக்கும். பாரசூட் விரியும் உதறலில் கழன்று போய், வெறுங்காலோடு இறங்கியவர்கள் உண்டு. 1943-ல் வந்த மாதிரியில் உட்புறப் பையில் சின்னக் கத்தி வைத்திருப்பார்கள். கணுக்காலுக்கு மேல் உள்ள பகுதியை அதால் அறுத்து எடுத்தால் சாதாரணக் கறுப்பு ஷூ மிஞ்சும். அறுத்த ஆட்டுத்தோலை எறிய வேண்டாம், குளிருக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளலாம். சட்டையிலுள்ள சின்னங்களைப் பிய்த்துவிடுங்கள். கழுத்து அடையாள வில்லைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். சிவில் உடையில் பிடிபடும்போது நீங்கள் படைவீரர், உளவாளி இல்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

விமானிக்குக் கொடுத்தனுப்பும் தப்பிக்கும் டப்பாவில் ஹார்லிக்ஸ் மாத்திரை, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, ரப்பர் தண்ணீர்ப் பை, பென்செட்ரின் என்ற ஊக்க மாத்திரை எல்லாம் இருக்கும். ஓடைத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்; தாகத்தில் உடனே குடித்தால் மாத்திரை போட்டதற்குப் பலன் இல்லை. பென்செட்ரின் தூக்கத்தை விரட்டும், ஆனால் அதன் வேகம் இறங்கியதும் உடம்பு துவண்டுவிடும். அவசரத்துக்கு வையுங்கள். பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடம் நனைந்தாலும் கிழியாது, பிரித்தால் சலசலக்காது.

கதவைத் தட்டும் நேரம்தான் பயணத்திலேயே மோசமான நேரம். ஊருக்கு ஒதுக்குப்புறமான ஏழைப் பண்ணை வீடாகப் பாருங்கள். பெரிய மாளிகையும் தொலைபேசிக் கம்பி போகும் வீடும் வேண்டாம். யார் வருகிறார், யார் போகிறார் என்று ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டு, இருட்டும் வேளையில் போங்கள். இருவராக இருந்தால் ஒருவர் மட்டும் போகட்டும். 'போய்விடு' என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் விலகுங்கள். விமானிக்கு உதவும் ஆணைச் சுடுவோம், பெண்ணை ஜெர்மனிக்கு வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று 1941 செப்டம்பரிலேயே ஆக்கிரமிப்புப் பிரான்சில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பிடிபட்டால் உங்களுக்குப் போர்க்கைதி முகாம், அவருக்குச் சாவு.

தடத்தின் ஆட்கள் வந்ததும் முதலில் விசாரணைதான். விமானி வேடத்தில் ஜெர்மன் ஆள் நுழைவான் என்ற பயம் அவர்களுக்கு. பெயர், பதவி, எண்ணோடு நிறுத்திக்கொள்ளத்தான் உங்களுக்குப் பயிற்சி. இங்கே அது போதாது. எந்தத் தளம், எந்த வகை விமானம், சொந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், போலித் தடங்களும் இதையேதான் கேட்டன. பிரஸ்ஸல்ஸில் ப்ரோஸ்பர் தெசிட்டர் என்ற துரோகி, உதவுகிறவன்போல நடித்து விமானிகளைச் சேர்த்து ஜெர்மானியரிடம் ஒப்படைத்தான். சுண்டுவிரல் குறைபட்டவன் என்று எதிர்ப்பியக்கத்தார் எச்சரித்தும் வலையில் விழுந்தவர்கள் நிறைய. இதற்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் யார் என்பதை நிரூபிக்கும் அளவுக்குச் சொல்லுங்கள். நேற்று எந்த வீட்டில் தூங்கினீர்கள் என்பதை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

போலி அடையாள அட்டைக்குப் புகைப்படம் வேண்டும், ஆனால் அங்கே பிலிம் தட்டுப்பாடு. அதனால் சிவில் உடையில் எடுத்த படங்களோடுதான் பலரும் பறக்கக் கிளம்பினார்கள். தளத்தில் ஒரே கோட்டையும் டையையும் எல்லோருக்கும் மாட்டிப் படம் எடுத்த இடங்களும் உண்டு. டையைப் பார்த்தே எந்தப் பிரிவு என்று ஜெர்மானியர் கண்டுகொண்டார்கள். பிரான்சில் பயணம் செய்ய பிளெமிஷ் தொழிலாளி, அதாவது டச்சு பேசும் பெல்ஜியக்காரர், என்ற அட்டை நல்லது. பிரெஞ்சு ஏன் வரவில்லை என்பதற்கு அதுவே பதில்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பழக்கம்தான். பையில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்காதீர்கள். நெஞ்சை நிமிர்த்தி நடக்காதீர்கள். சைக்கிளில் வலது ஓரமாகப் போங்கள். பிரிட்டன்காரர் கை தானாக இடது பக்கம் திருப்பும். அமெரிக்கர் இறைச்சியை வெட்டிவிட்டு முட்கரண்டியை வலது கைக்கு மாற்றுவார். அங்கே கை மாற்ற மாட்டார்கள். புகையிலைக்கு ரேஷன் இருக்கும் நாட்டில் பாதி சிகரெட்டை எறிகிறவன் வெளியூர்க்காரன், விரல் சுடும்வரை குடியுங்கள். ரயிலில் வழிகாட்டியோடு ஒட்டி உட்காராதீர்கள். பார்வை எட்டும் தூரம் போதும். செய்தித்தாளை விரித்துக்கொண்டு தூங்குவதுபோல் இருங்கள். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

மலைக்கு உடம்பு தயாராக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் பரணில் கிடந்தவனுக்குக் கால் மரத்திருக்கும், ஆகவே மறைவிடத்தில் சத்தமில்லாமல் தினமும் தோப்புக்கரணம் போடுங்கள். எல்லையருகே உர்ருன்யு கிராமத்துப் பண்ணை வீட்டில் பூட்ஸுக்குப் பதில் கயிற்று அடி வைத்த துணிச் செருப்பு தருவார்கள். பாறையில் வழுக்காது, சத்தமும் வராது. வழிகாட்டி ஃபுளோரென்தினோ கடத்தல் தொழில் பழகிய, அந்த மலைப்பகுதியின் பாஸ்க் இனத்தவர், இருட்டிலும் அவருக்குத் தடம் தெரியும். ஒற்றை வரிசை, முன்னால் போகிறவர் முதுகில் கண். எல்லையிலுள்ள பிடசோவா ஆற்றங்கரையில் பேன்ட்டைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கையைக் கோத்து இறங்க வேண்டும். நனையாத பேன்ட் அக்கரையில் உயிரைக் காக்கும். வெள்ளம் வந்தால் இந்த ஆற்றை நம்ப முடியாது: 1943 டிசம்பரில் தடத்தின் தலைவர்களில் ஒருவரான அந்த்வான் துர்செல் பிரபுவும் ஓர் அமெரிக்க விமானியும் இதில்தான் மூழ்கி இறந்தார்கள். வெள்ளம் வடியட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அதே ஆண்டு ஜனவரி 15 அன்று, மழையால் பண்ணை வீட்டில் தங்கிய ஆந்த்ரே தெ யோங்கை அங்கேயே மூன்று விமானிகளோடு பிடித்தார்கள்.

ஸ்பெயின் காவலர் கையில் சிக்கினால் சிறையிலிருந்து தப்பிய போர்க்கைதி என்று சொல்லுங்கள். நடுநிலை நாட்டுக்குள் வந்த தப்பிய கைதியை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். பிடிபடாமலே வந்தவருக்கு அந்தச் சலுகை உறுதியில்லை. ஸ்பெயினின் மிராண்டா தெ எப்ரோ தடுப்பு முகாமில் சில வாரம் கழிந்தாலும் தூதரகம் மீட்டுவிடும்.

லண்டனில் விசாரணை அதிகாரியிடம் உதவியவர்களைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே தடவை சொல்லுங்கள். அதன் பிறகு படைத்தளத்து நண்பன் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. அடுத்த வாரம் அவனும் அதே பெல்ஜியத்தின் மேல் பறப்பான். உதவியவர்களின் முகவரியை எழுதி வைக்காதீர்கள். நன்றிக் கடிதத்தைப் போர் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.