மோரோடரின் பேஸ் ஓட்டம்: பாதிச் சுரங்களை டிலேயிடம் விட்டுவிடுங்கள்

1977-இல் வெளிவந்த டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாடலில் விடாமல் துடித்துக்கொண்டே போகும் பேஸ் (தாழ்சுர) ஒலியைக் கணினியில் செய்து பார்க்க முயன்று, இரண்டு வார இறுதிகளைத் தொலைத்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதில் நம் காதில் விழும் சுரங்களில் பாதியை சின்தசைசர் (மின்னணு இசைக்கருவி) வாசிக்கவே இல்லை. மீதிப் பாதி, இடப்பக்கம் ஒலித்த சுரம் சற்றுத் தாமதித்து வலப்பக்கம் திரும்ப ஒலிப்பதுதான்; இப்படித் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்வதே டிலே.

தயாரிப்பாளர் ஜார்ஜியோ மோரோடர் இத்தாலியின் தென் டிரோல் பகுதியைச் சேர்ந்தவர். மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில், பீட் பெலோட்டுடன் சேர்ந்து இப்பாடலை உருவாக்கினார். இதில் ஒலித்த மோக் மாடுலர் சின்தசைசர், இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனருடையது. அதை இயக்கத் தெரிந்தவர் ராபி வெடல். டேப்பின் ஒரு டிராக்கில் ஒத்திசைவுத் துடிப்பைப் பதிந்துவைத்து, பின்னர் சேர்க்கும் ஒவ்வொரு அடுக்கும் அதற்குப் பூட்டியதுபோல் ஓடும்படி செய்தவர் அவரே. டெம்போ (வேக) எண்ணைத் தட்டியதும் எல்லா டிராக்குகளும் ஒன்றாக ஓடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நமக்கு, அன்று அது எத்தனை பெரிய காரியம் என்பது எளிதில் உறைக்காது.

நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும், இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சின்தசைசரும்தான். பழைய மோக்கின் நகல் என்று விற்கப்படும் பிளகின்களுக்குப் (துணை மென்பொருள்களுக்கு) பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இந்தப் பயிற்சியில் எங்குமே எழவில்லை.

படி 1: சுரமும் ஒலியும்

டெம்போவை நிமிடத்துக்கு 125 பீட் என வையுங்கள். அப்போது ஒரு பீட் 480 மில்லிசெகண்ட், அதில் பாதியான எய்த் நோட் 240, கால்பங்கான சிக்ஸ்டீன்த் நோட் 120 என்று கணக்கு முழு எண்ணாக வரும். பேஸ் டிராக்கில் எய்த் நோட்டுகளாக சி, சி, ஜி, பி ஃபிளாட் என்ற நான்கையும் ஒரு பாருக்கு (நான்கு பீட்டுகளுக்கு) இரண்டு முறை எழுதுங்கள். சா டூத் (ரம்பப் பல் வடிவ) அலை, உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் 24 டெசிபல் லோ பாஸ் ஃபில்டர், சஸ்டெயின் (சுரம் நிலைக்கும் அளவு) சுழியம், டிகே (சுரம் தேயும் நேரம்) ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட் ஆகியவை போதும். சுரம் 120 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிட வேண்டும்; அதைத் தாண்டி நீண்டால் அடுத்து வரும் டிலேயின் மேல் ஏறி, ஓட்டம் கூழாகிவிடும்.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. பாடலில் கேட்பது சிக்ஸ்டீன்த் நோட்டுகள்தானே என்று பதினாறையும் நானே எழுதிவிட்டு, அதன்மேல் டிலேயும் போட்டேன். ஒவ்வொரு எதிரொலியும் அடுத்த சுரத்தின் தலையில் போய் விழுந்ததால், துள்ள வேண்டிய இடமெல்லாம் இரைச்சலாக இருந்தது.

படி 2: டிலே

புதிய டிராக் ஒன்றில் ரீப்பரின் டிலே பிளகினான ரீடிலேயைப் போட்டு, பேஸ் டிராக்கிலிருந்து அதற்கு ஒரு செண்ட் (ஒலியின் நகலை அனுப்பும் இணைப்பு) கொடுங்கள். டிரை ஒலியை (டிலே சேராத மூல ஒலியை) முழுவதும் இறக்கிவிடுங்கள். ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வருவது) இருக்கக் கூடாது, ஏனெனில் நமக்குத் தேவை ஒரே ஒரு எதிரொலி மட்டுமே. ரீடிலேயில் நீளத்தைக் குறிக்க நேரம், இசைமதிப்பு என இரண்டு இடங்கள் உண்டு, இரண்டும் கூட்டப்படும் என்பதை நான் கவனிக்கவில்லை. இசைமதிப்பு எய்த் நோட் கணக்கில் இருப்பதால், அதில் 1 என்று வைத்தபோது எதிரொலி 240 மில்லிசெகண்ட் கழித்து, அதாவது மீண்டும் அடுத்த சுரத்தின் மேலேயே வந்து விழுந்தது. சரியான மதிப்பு 0.5, நேரத்தைச் சுழியத்தில் விடுங்கள்.

இனி பேஸ் டிராக்கை இடப்பக்கமும் டிலே டிராக்கை வலப்பக்கமும் தள்ளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இடம், வலம், இடம், வலம் என்று ஒலி குதிப்பது தெரியும். டிலே டிராக்கை மியூட் செய்து, பிறகு திறந்து பாருங்கள்: நொண்டிக்கொண்டிருந்த வரி திறந்த நொடியில் ஓடத் தொடங்கும்.

படி 3: தாளம்

ஒவ்வொரு பீட்டிலும் ஒரு கிக் (பெரிய டிரம்மின் அடி). மோக்கிலிருந்து தேவையான அழுத்தத்துடன் கிக் வராததால், அதை மட்டும் டிரம்மர் கீத் ஃபோர்ஸி நேரடியாக வாசித்தார். எனவே நல்லதொரு டிரம் சாம்பிளை எடுத்துக்கொள்வதில் குற்ற உணர்வு வேண்டாம். ஹை ஹாட் எனும் சிறு தாளத் தட்டு ஒலிக்கு, வைட் நாய்ஸைச் (‘ஷ்’ என்ற இரைச்சலை) சிறு துணுக்குகளாக நறுக்கினால் போதும். சுருதி விலகலுக்கென்று வரும் டிரிஃப்ட் குமிழை மட்டும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அன்று மோக் நிமிடத்துக்குள் சுருதி விலகியதால், சிறு சிறு பகுதிகளாகப் பதிந்து, இடையிடையே மீண்டும் சுருதி சேர்த்துத்தான் அவர்கள் வேலையை முடித்தார்கள். அவர்கள் போராடி விலக்கிய குறையை நாம் வலிந்து சேர்ப்பது பொருத்தமில்லை.

படி 4: நீட்டிப் பாருங்கள்

எட்டு பார்களை லூப்பில் விட்டு, ஃபில்டரை மட்டும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். சுரம் ஒன்றுமே மாறாதபோதும் ஐந்து நிமிடம் சலிப்பின்றிக் கேட்க முடிகிறது. சான் பிரான்சிஸ்கோவின் பாட்ரிக் கௌலி இந்தப் பாடலையே 15 நிமிடங்களுக்கு மேல் நீளும் ரீமிக்ஸாக வளர்த்ததும், ஹை எனர்ஜி என்ற நடன இசைப் பாணியில் இத்துடிப்பு தொடர்ந்ததும் இதனால்தான். 1987-இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு டிபி-303 பேஸ் இயந்திரத்தின் குமிழ்களைத் திருகி உருவாக்கிய ஆசிட் ஹவுஸிலும், பிந்தைய டிரான்ஸ் என்ற நடன இசையிலும், மெட்டைவிட ஒலியின் நிறமாற்றமே பாடலை நடத்திச் செல்கிறது. ஃபில்டர் குமிழை உங்கள் கையால் நகர்த்தும்போது அந்த உறவு தானாகக் காதில் விழும்.

பின்சேர்க்கை: படி 2-இல் வலப்பக்கம் ஒலியே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். செண்ட், ஃபேடருக்கும் (ஒலியளவுக் குமிழ்) பேனுக்கும் (இட, வலத் தள்ளல்) பிந்தைய நிலையில் இருந்தால், டிலேக்குப் போவதே இடப்பக்க ஒலி மட்டும்தான். அதை வலப்பக்கம் தள்ளினால் மௌனமே மிஞ்சும். செண்டின் வகையை ஃபேடருக்கு முந்தையதாக மாற்றுங்கள். அத்துடன், அறையில் வலப்பக்க ஸ்பீக்கருக்கு அருகில் நிற்பவருக்கு பீட்டைவிட அதன் இடைவெளியே பலமாகக் கேட்கும் என்பதால், நான் இப்போது பேனை இரு பக்கமும் 60 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலியாக) விட்டுவிடுகிறேன்.