பீர் ஆலையின் வாரிசாக வரும் மகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்

குடும்பத்தின் பீர் ஆலை என்றாவது ஒரு நாள் தன் பொறுப்பில் வரும் என்று தெரிந்து வளரும் பெண், அந்த நாள் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. நெதர்லாந்தின் ஹைனெக்கன் குடும்பம் இதற்கு நல்ல பாடம். 2002 ஜனவரி 3 அன்று ஃபிரெடி ஹைனெக்கன் காலமானார். அவருடைய ஒரே மகள் ஷார்லீன் அப்போது 47 வயதில், லண்டனில் ஐந்து பிள்ளைகளின் தாயாக வாழ்ந்துகொண்டிருந்தார். சட்டம் படித்திருந்த அவர், தந்தை விட்டுச்சென்ற பங்குகளால் உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனங்களுள் ஒன்றைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கு வந்தார்.

அந்த இடத்தில் நிற்பவர் முதலில் படிக்க வேண்டியது பங்குகளின் அமைப்பை. ஆலைக்குள் செல்வது அதற்குப் பிறகுதான். ஹைனெக்கனில் குடும்பத்தின் தனி நிறுவனம் ஒன்று, பங்குகளை வைத்திருப்பதற்கான நிறுவனமான ஹைனெக்கன் ஹோல்டிங்கின் பங்குகளில் பாதிக்குச் சற்று மேல் வைத்திருக்கிறது. அந்த ஹோல்டிங், பீர் தயாரிக்கும் நிறுவனத்தில் பாதிக்குச் சற்று மேல் வைத்திருக்கிறது. பாதியில் பாதி என்று பெருக்கிப் பார்த்தால், மொத்த மதிப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பகுதி மட்டுமே குடும்பத்துக்கு உரியது. ஆயினும் இறுதி முடிவு குடும்பத்துடையது. உங்கள் குடும்பத்தில் இத்தகைய அடுக்கு இருந்தால், எந்த அடுக்கில் எத்தனை பங்கை விற்றால் வாக்குரிமை கைநழுவும் என்பதை வழக்கறிஞரோடு அமர்ந்து தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். பங்காளிகளிடையே சொத்து பிரியும்போது இந்த எல்லையைத் தெரியாமல் தாண்டிவிடுவது மிக எளிது. ஃபிரெடியின் தந்தை காலத்தில் ஹைனெக்கன் குடும்பமே பெரும்பான்மையை இழந்தது. ஃபிரெடி பங்குகளைத் திரும்ப வாங்கித்தான் அதை மீட்டார்.

அதன் பிறகு ஆலைக்குச் செல்லுங்கள். பார்லி முளைகட்டுவதிலிருந்து பீப்பாய் நிரம்புவது வரை ஒருமுறை முழுமையாக உடனிருந்து பாருங்கள். 1864இல் ஜெரார்ட் ஹைனெக்கன் ஆம்ஸ்டர்டாமில் வாங்கிய பழைய ஆலை ஒன்றிலிருந்து இந்த நிறுவனம் வளர்ந்தது என்றால், 1886இல் பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்ட் வகைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. உங்கள் ஆலையின் சுவை எதனால் வருகிறது, அதை எங்கே எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், செலவைக் குறைக்கச் சொல்லும் மேலாளரிடம் எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று உங்களால் சொல்ல முடியாது.

அன்றாட நிர்வாகத்தை நீங்களே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்குப் போதிய காலம் கொடுப்பதுதான் உரிமையாளரின் முதன்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து. ஹைனெக்கனில் 2005இல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஜான்-ஃபிரான்சுவா வான் பாக்ஸ்மீர் 2020 வரை நீடித்தார். இந்த இடைவெளியில்தான் மெக்சிகோவின் ஃபெம்சா பீர் தொழிலையும் ஆசியா பசிபிக் புரூவரீஸையும் நிறுவனம் வாங்கியது.

விற்கும்படி கேட்டு யாராவது வருவார்கள். அதற்கான பதிலைக் குடும்பத்துக்குள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் போட்டி பீர் நிறுவனமான எஸ்ஏபிமில்லர் ஹைனெக்கனை வாங்க முன்வந்தபோது, தனித்த நிறுவனமாகவே நீடிக்க விரும்புவதாகக் குடும்பம் மறுத்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் எஸ்ஏபிமில்லரே ஏபி இன்பெவ் என்ற இன்னும் பெரிய பீர் நிறுவனத்திடம் சென்று சேர்ந்தது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1983 நவம்பரில் ஃபிரெடியும் அவருடைய ஓட்டுநரும் கடத்தப்பட்டு, மூன்று வாரங்கள் அடைத்துவைக்கப்பட்டார்கள். வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, பயண நாட்கள் ஆகியவற்றை வெளியே பேசாதிருக்கக் குடும்பத்தில் எல்லோரையும் பழக்குங்கள். ஓட்டுநர், பணியாளர்களின் பாதுகாப்பையும் அதே அக்கறையோடு ஏற்பாடு செய்யுங்கள்.

பிள்ளைகள் வளர்ந்ததும், நீங்கள் பொறுப்பில் இருக்கும்போதே அவர்களைக் கூட்டங்களில் உட்காரவையுங்கள். ஷார்லீனின் மகன் அலெக்சாண்டர் 2013இலேயே ஹைனெக்கன் ஹோல்டிங்கின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். தாயின் அருகிலிருந்தே தொழிலைக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.