வைத்தியசாலை வாசலில் கவனயீர்ப்புப் போராட்டம்: உரிமையும் எல்லையும்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு முன்னால் பதாகை ஏந்த எண்ணுபவர்கள், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் தருவதோடு, பொதுச் சுகாதாரத்துக்காகவும் பிறர் உரிமைகளுக்காகவும் அவற்றைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என 15ஆம் உறுப்புரை கூறுவதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஊர்வலமாக வருவதாயின், குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன்னர் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் கடினமான கேள்வி. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றம். ஆயினும், பிற நாடுகளில் கருக்கலைப்பு நிலையங்களின் வாசலில் எழுந்த பிணக்குகள் நமக்கு வழிகாட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஒக்ரோபர் 31 முதல், அந்நிலையங்களைச் சுற்றிய 150 மீற்றர் வலயத்துக்குள் சேவை நாடி வருபவரை மறிப்பதும் அவரது முடிவில் தலையிடுவதும் குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, மசாசூசெட்ஸ் மாநிலம் அத்தகைய நிலையங்களைச் சுற்றி விதித்த 35 அடி வலயம் தேவைக்கு மிஞ்சிப் பேச்சைத் தடுக்கிறது என்று 2014இல் அதைச் செல்லுபடியற்றதாக்கியது. என் கணிப்பில், கொள்கையைக் கண்டிக்கும் குரலுக்கு வீதியில் இடம் வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு வரும் பெண்ணை மறித்துக் கேள்வி கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே அம்புலன்ஸ் திரும்பும் வாயிலை விட்டு விலகி நில்லுங்கள். விடுதிகளில் நோயாளர் படுத்திருப்பதால் ஒலிபெருக்கியைத் தவிருங்கள். துண்டுப்பிரசுரத்தை நீட்டலாம், வாங்காமல் நடப்பவரைப் பின்தொடராதீர்கள். உள்ளே செல்பவரின் முகம் படத்தில் விழவே கூடாது. ஒருவரையொருவர் அறிந்த நம் ஊரில், அந்த ஒரு படம் முகநூலில் ஏறினால் அவரது குடும்பமே பதில் சொல்ல நேரிடும்.