தூரப்பார்வை: எல்லாம் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள்

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. தூரப்பார்வை என்றதும் தூரத்தில் இருப்பது தெரியாத குறை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதலில் மங்குவது கிட்டத்தில் இருப்பதுதான். பவர் கூடினால் தூரமும் மங்கும். விழிக்கோளம் கொஞ்சம் குட்டையாக இருந்தாலோ, கருவிழியின் வளைவு போதாவிட்டாலோ ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவியும்படி ஆகிவிடும். ப்ளஸ் பவர் கண்ணாடி அதை முன்னால் இழுத்து வருகிறது.

என்னை அதிகம் வருத்தும் தவறு குழந்தைகள் விஷயத்தில் நடக்கிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டான், கண்ணில் ஒன்றும் இல்லை என்று அழைத்துப் போய்விடுகிறார்கள். சின்ன வயதில் கண் தசை இறுகி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைப் புடைக்க வைத்துக் குறையை மறைத்துவிடும். அதே பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் கண்ணைக் கசக்குவான், வரியைத் தவறவிடுவான், நெற்றி வலிக்கிறது என்பான். படிக்கச் சோம்பல் என்று திட்டு விழும். பாவம், அவன் கண் அவ்வளவு நேரமும் பாரம் தூக்கிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, தசையைத் தளர்த்திப் பரிசோதிக்கிறார்கள். கண் கூசும், மங்கும் என்று அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மறைந்திருக்கும் பவர் அப்போதுதான் முழுதாக வெளியே வரும். கைக்குழந்தைக்கு லேசான ப்ளஸ் பவர் இயல்பு, வளர வளரக் குறையும். ஆனால் பவர் அதிகம் என்றாலோ, ஒரு கண்ணில் மட்டும் கூடுதல் என்றாலோ காத்திருக்கக் கூடாது. மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டால் அது சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஏழு வயதுக்குள் பிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். உள்பக்கம் திரும்பும் மாறுகண்கூட பல பிள்ளைகளுக்குக் கண்ணாடியிலேயே நேராகிவிடுகிறது.

பெரியவர்கள் இதை வெள்ளெழுத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 40 வயதை ஒட்டி லென்ஸ் விறைப்பதால் வருவது, வேறு சங்கதி. ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான்; உங்கள் கண்கள் அப்படி இருக்க வேண்டுமே! அதை வாங்கிக்கொண்டு பரிசோதனையை விடுவது இன்னும் ஆபத்து. குட்டையான கண்ணில் உள்நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்கலாம்; அது அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும். திடீரென்று கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதும் தவறு. புதுக் கண்ணாடியில் சில நாள் தூரம் மங்கினால் கழற்றி வைக்காதீர்கள், தசை தளர நேரம் பிடிக்கும். அப்புறம் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை. கிட்டப்பார்வையின் மைனஸ் பவருக்கு ஒத்துவரும் அளவுக்கு, உயர்ந்த ப்ளஸ் பவருக்கு அது ஒத்துவராது; ஓரளவு பவர் திரும்பி வரவும் கூடும். பவர் நிலையாக இருக்கிறதா, சொட்டு மருந்து விட்டு அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.