இருபதாயிரம் புள்ளிகளுக்குள் ஓர் ஒலியலையைத் தேடுவோம்

பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் முழுக்க ஒலி ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரானும் புரோட்டானும் ஒளியும் பிரிக்க முடியாமல் கலந்து கொதித்த குழம்பு அது. பொருள் சற்றே அடர்ந்த இடங்களில் ஈர்ப்பு உள்ளே இழுத்தது. ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளியது. அந்தத் தள்ளலில் கிளம்பிய அலையின் வேகம் தொடக்கத்தில் ஒளியின் வேகத்தில் 57 சதவீதத்தைத் தொட்டது. பிறகு பிரபஞ்சம் குளிர்ந்தது, அணுக்கள் உருவாயின, ஒளி தன் வழியே போய்விட்டது. தள்ள ஆளில்லாத அலை நின்ற இடத்திலேயே உறைந்தது.

அப்போது அதன் ஆரம் ஏறக்குறைய நாலரை லட்சம் ஒளியாண்டு. பிரபஞ்சத்தோடு சேர்ந்து விரிந்து இன்று அது சுமார் 48 கோடி ஒளியாண்டு, வானியலாளர் அளவில் 147 மெகாபார்செக். அலை கிளம்பிய மையத்திலும், அது உறைந்த கோளப் பரப்பிலும் கேலக்ஸிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தன. பீபிள்ஸும் யூவும், தனியே சுன்யாயேவும் செல்டோவிச்சும் 1970-லேயே இந்த அலைகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். கேலக்ஸிகளின் பரவலில் அதைத் தெளிவாகப் பார்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானை வரைபடமாக்கும் ஸ்லோன் கணக்கெடுப்பு 46,748 கேலக்ஸிகளை வைத்துக் கண்டது. ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் நடந்த இன்னொரு கணக்கெடுப்பும் அதே ஆண்டில் கண்டது.

இதை வீட்டுக் கணினியில் ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்க்கலாம். பைத்தானும், அதன் நம்பை, மேட்பிளாட்லிப் தொகுப்புகளும் போதும்.

படி 1: பெட்டி

பக்கத்துக்கு 1,000 மெகாபார்செக் நீளமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 1,000 மையங்களைச் சமவாய்ப்பு எண்களால் தூவுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1,000 வரை மூன்று எண்கள். சமவாய்ப்பு எண்ணின் விதையை முதலிலேயே நிலையாக வைத்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது தவறினால் அதே பிரபஞ்சத்தை மறுபடி வரவழைக்க வேண்டியிருக்கும்.

படி 2: மையமும் கோளமும்

ஒவ்வொரு மையத்தையும் ஒட்டி 5 கேலக்ஸிகளை வையுங்கள். மூன்று திசையிலும் இயல்நிலைப் பரவல் (நடுவில் அடர்ந்து ஓரத்தில் குறையும் மணி வடிவப் பரவல்), திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு, 5. பிறகு அதே மையத்தைச் சுற்றி 10 கேலக்ஸிகளைக் கோளப் பரப்பில் வையுங்கள். ஆரம் 150 என்று முழு எண்ணாக்கிக்கொள்வோம். ஆரத்துக்கும் 10 அளவு திட்ட விலக்கம் கொடுங்கள். இயற்கையிலும் ஈர்ப்பு பல கோடி ஆண்டுகளாகக் கேலக்ஸிகளை இடம்பெயர்த்து அந்தக் கோளப் பரப்பை மங்கலாக்கியிருக்கிறது.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். கோளத்தின் மேல் ஒரு திசையைத் தேர்ந்தெடுக்க இரண்டு கோணங்களையும் சமவாய்ப்பில் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் புள்ளிகள் துருவங்களில் குவிந்துவிடும், ஏனெனில் துருவத்துக்கு அருகில் பரப்பு குறைவு. இதில் கொடுமை என்னவென்றால், இறுதி வரைபடத்தில் 150-இல் எழ வேண்டிய முகடு சரியான இடத்திலேயே வந்து நின்றது. மையத்திலிருந்து உள்ள தொலைவு எந்தத் திசையானாலும் 150-தானே! ஒரே ஒரு கோளத்தைத் தனியாக வரைந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எளிய தீர்வு: இயல்நிலைப் பரவலிலிருந்து மூன்று எண்களை எடுத்து, அந்தத் திசையனை அதன் நீளத்தால் வகுத்துவிடுங்கள். எல்லாத் திசைக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்.

பெட்டிக்கு வெளியே போன புள்ளிகளை எதிர்ப்பக்கச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். 1,003 என்றால் 3. மைனஸ் 4 என்றால் 996. ஆயிரத்தால் வகுத்த மீதியை எடுக்கும் ஒரே வரியில் இது முடிந்துவிடும்.

படி 3: பின்னணி

இன்னும் 5,000 கேலக்ஸிகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் தூவுங்கள். மொத்தம் 20,000.

இப்போது பெட்டியின் ஒரு சீவலை, 50 மெகாபார்செக் தடிமனுக்கு வெட்டியெடுத்து, புள்ளிகளாக வரைந்து பாருங்கள். வட்டம் தெரிகிறதா? தெரியாது. எங்கே வைத்தோம் என்று அறிந்த நமக்கே தெரியாது. குளத்தில் தூறல் விழும்போது ஆயிரம் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் போன்ற நிலை இது. அதனால் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

படி 4: இணைகளை எண்ணுதல்

ஒவ்வொரு கேலக்ஸியிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட வேண்டும். இருபதாயிரம் புள்ளிகளுக்கு ஏறக்குறைய 20 கோடி இணைகள். எல்லாத் தொலைவையும் 20,000-க்கு 20,000 என்ற ஒரே அணியில் போட முயன்றால் 3.2 கிகாபைட் நினைவகம் கேட்கும்; பழைய மடிக்கணினி மூச்சுத் திணறிவிடும். ஒவ்வொரு கேலக்ஸியாக எடுத்து, அதற்குப் பின் வரிசையில் உள்ளவற்றோடு மட்டும் தொலைவு கண்டு, 10 அகலமுள்ள பிரிவுகளில் சேர்த்துக்கொண்டே போங்கள். 5 முதல் 205 வரை 20 பிரிவுகள்.

ஓர் எச்சரிக்கை: ஏதாவது ஓர் அச்சில் இடைவெளி 500-ஐத் தாண்டினால், ஆயிரத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களை நாம் ஒட்டிவிட்டோம் அல்லவா?

படி 5: எதனோடு ஒப்பிடுவது?

எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது, தொலைவு கூடக் கூட இணைகளும் கூடிக்கொண்டே போகும். ஒழுங்கே இல்லாத பெட்டியில் எத்தனை இணைகள் இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். மொத்த இணைகளை அந்தப் பிரிவின் கோள ஓட்டுக் கன அளவால் (வெளிக் கோளத்தின் கன அளவிலிருந்து உள்கோளத்தினுடையதைக் கழித்தது) பெருக்கி, பெட்டியின் கன அளவால் வகுத்தால் அது கிடைக்கும். 145 முதல் 155 வரையிலான பிரிவுக்கு விடை சுமார் 5,65,700. உங்களுக்கு வேறு எண் வந்தால் மேற்கொண்டு போகாமல் சூத்திரத்தைச் சரிபாருங்கள்.

நீங்கள் எண்ணியதை இதனால் வகுத்து 1-ஐக் கழியுங்கள். கிடைப்பது தொடர்புச் சார்பு: ஒழுங்கில்லாத பெட்டியைவிட எத்தனை பங்கு இணைகள் கூடுதல் என்பதன் அளவு.

உண்மையான கணக்கெடுப்பில் இந்தக் குறுக்குவழி செல்லாது. தொலைநோக்கி பார்த்த வானப் பகுதி ஒழுங்கற்ற வடிவத்தில் இருக்கும். பிரகாசமான விண்மீன்கள் மறைத்த ஓட்டைகளும் இருக்கும். ஆகவே அதே வடிவத்தில் சமவாய்ப்புப் புள்ளிகளைத் தூவி அவற்றோடு ஒப்பிடுகிறார்கள். அதற்கான வாய்பாட்டை லேண்டியும் சலாயும் 1993-ல் கொடுத்தார்கள்.

படி 6: வரைதல்

முழுவதையும் அப்படியே வரைந்தால் ஏமாந்துபோவீர்கள். மையங்களை ஒட்டிய கும்பல்களால் முதல் பிரிவில் எதிர்பார்த்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இணைகள் இருக்கும். அந்த உயரத்துக்கு முன் மற்றதெல்லாம் தட்டையான கோடு. 35-க்கு அப்பால் மட்டும் வரையுங்கள். 100-க்கு அருகில் 0.4 சதவீதத்தில் தவழும் கோடு 150-இல் 3 சதவீதத்துக்கு மேல் எழும்பி, 200-க்குள் மறுபடி இறங்கிவிடும். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன அலையின் சுவடு வானில் இந்த வடிவில்தான் இருக்கிறது.

நாம் செய்தது பொம்மை மாதிரி என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோளங்களை நாமே வைத்தோம், நாமே கண்டெடுத்தோம். ஆய்வாளர்கள் தொடக்க அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளிலிருந்து தொடங்கி, ஈர்ப்பை இயங்கவிட்டு, கேலக்ஸிகளைப் பிறகே அமர்த்துகிறார்கள்.

இனி கெடுத்துப் பாருங்கள்

ஆரத்தின் திட்ட விலக்கத்தை 10-லிருந்து 20 ஆக்குங்கள். முகடு தாழ்ந்து அகலும். அடுத்து அதை 10-க்கே திருப்பிவிட்டு, மையத்தில் 5-க்குப் பதில் ஒரே கேலக்ஸியை வைத்து, பின்னணியை 9,000 ஆக்குங்கள். முகடு சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கும். உண்மையான வானில் உள்ளதும் ஏறக்குறைய அந்த அளவுதான். தற்செயல் ஏற்ற இறக்கம் 0.13 சதவீதம் என்பதால் இன்னும் தெரியும்.

இப்போது மையங்களை 200 ஆகவும் பின்னணியை 17,800 ஆகவும் மாற்றுங்கள். முகடு காணாமல் போய்விடும். விதையை மாற்றி மாற்றி இதேபோல் நூறு பிரபஞ்சங்களை உருவாக்கி, நூறு கோடுகளின் சராசரியை வரையுங்கள். இரவு முழுக்க ஓடவிட்டாலும் பரவாயில்லை. தற்செயல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, 150-இல் சிறு மேடு திரும்ப வரும்.

வானியலாளர்களுக்கு நூறு பிரபஞ்சங்கள் கிடையாது. ஒன்றையே பெரிதாக அளக்க வேண்டும். அரிசோனாவின் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகளோடு இயங்கும் டெசி கருவி 2025-ல் வெளியிட்ட முடிவுகளுக்கு 1.4 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளும் குவேசார்களும் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) தேவைப்பட்டன.