கந்தசஷ்டி விரதமும் குளிசைப் பெட்டியும்: நாம் விடுகிற பிழைகள்

மூன்று வருடத்துக்கு முன், கந்தசஷ்டியின் நாலாம் நாள். பெரியம்மா விறாந்தையில் இருந்து நந்தியாவட்டைப் பூ கட்டிக்கொண்டிருந்தார். வயது 68, பத்து வருடமாகச் சீனி வருத்தம். அன்றைக்கு அவருக்கு முடிச்சு விழவில்லை. ஒரே பூவைத் திரும்பத் திரும்ப நூலில் வைத்துச் சுற்றினார். "என்ன பெரியம்மா செய்யுது?" என்று கேட்டேன். வந்த பதில் குழறலாக இருந்தது. வெளியே ஐப்பசி மழை, நல்ல குளிர். ஆனால் அவருடைய கையெல்லாம் வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சீனி 48க்கு இறங்கியிருந்தது.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் பருக்கினோம். தெளிவு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்ர விரதம் முறிஞ்சு போச்சே."

பட்டினி கிடந்ததால் மட்டும் இது வரவில்லை. சாப்பாட்டை நிறுத்தியவர், காலைக் குளிசையை நேரம் தவறாமல் போட்டிருக்கிறார். குளிசை சாப்பாடு இல்லையே, விரதம் குழம்பாதே என்பது அவருடைய கணக்கு. யாழ்ப்பாணத்தில் சட்டி, அதாவது கந்தசஷ்டி விரதம், பிடிக்கிற வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை இதுதான் என்று நினைக்கிறேன். மிக ஆபத்தானதும் இதுதான்.

கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் போன்ற குளிசைகள் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அதிலும் கிளிபென்கிளமைட்டின் வேலை நீண்ட நேரம் நிற்கும். சீனித்தண்ணீரில் ஏறிய அளவு சில மணி நேரத்தில் மறுபடி விழலாம். அதனால்தான் அன்று பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அரிது. சீனியைச் சலத்தோடு வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகையின் ஆபத்து வேறு விதம். பட்டினியில் அதைப் போட்டால் சீனி அவ்வளவு கூடாமலே இரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வரும். மீட்டர் ஒழுங்கான எண்ணைக் காட்டுவதால் வீட்டில் ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பிழையும் உண்டு. ஆறு நாளும் சாப்பாடு இல்லை, ஆகவே மருந்தும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தாங்களாகவே நிறுத்துவது. சிறு வயதில் தொடங்கும் முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை முழுதாக நிறுத்தினால் உயிருக்கே வினை. அவர்கள் இந்த விரதத்துக்கு இறங்கவே கூடாது. மற்றவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைப்பவர்கள் பலர். ஏசினாலும் பரவாயில்லை. எந்தக் குளிசையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், நிறை. சூரன்போர் முடிந்த கையோடு தராசில் ஏறி நாலு கிலோ குறைந்துவிட்டது என்று சந்தோசப்படுகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலில் சேமித்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 100 கிராம். ஒரு நாள் பட்டினியிலேயே அது தீர்ந்துவிடும். ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்திருக்கும், அதுவும் போய்விடும். இன்சுலின் இறங்க இறங்க, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடும். கொழுப்புக் கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 1600 கலோரி செலவழிக்கும் ஒருவர் அது முழுவதையும் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும் கரைவது 180 கிராம்தான். ஆறு நாளில் ஒரு கிலோ சொச்சம்.

முழுவதையும் கொழுப்பிலிருந்து உடல் எடுப்பதும் இல்லை. மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் வேண்டும். ஈரலின் சேமிப்பு தீர்ந்த பிறகு, கொழுப்பிலிருந்து வந்து மூளைக்கு மாற்று எரிபொருளாகும் கீற்றோன்கள் போதிய அளவு கூடும்வரை, தசைப் புரதத்தை உடைத்துத்தான் ஈரல் பெருமளவு குளுக்கோஸ் செய்கிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியை அதிகம் வாங்கி வைப்பது தசை. நம்மவர்களுக்கு ஏற்கனவே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு கூட. விரதம் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் தண்ணீரும் கொழுப்பும் தானாகத் திரும்பும். நடையும் உடற்பயிற்சியும் பருப்பும் பயறும் இல்லாமல் தசை அப்படித் திரும்பாது.

உப்பும் தண்ணீரும் வெளியேறுவதால் பிரஷரும் இறங்கும். அதோடு பிரஷர்க் குளிசை, சலம் போக்கும் குளிசை என்றால் விடியப்புறம் எழும்பிக் கிணற்றடிக்குப் போகும்போதே தலை சுற்றும். தண்ணீரும் குடிக்காமல் பிடிப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத்துடிப்பையே குழப்பலாம்.

விரதம் முடிந்த கிழமையே இரத்தம் சோதிப்பதிலும் அர்த்தமில்லை. சீனி இறங்கியிருக்கும், யூரிக் அமிலம் ஏறியிருக்கும், மெலிந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்புக்கூட ஏறிக் காட்டலாம். இவை எல்லாம் தற்காலிகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை ஆறு நாள் பட்டினி பெரிதாக அசைக்காது.

சரி, விரதம் முடிக்கும் பாறணைக்கு வருவோம். ஏழாம் நாள் காலை, தலைவாழை இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். ஆறு நாள் வெறும் வயிற்றில் கிடந்தவரை இதற்கு முன் இருத்தி, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்கிறோம். அன்பால்தான் செய்கிறோம். ஆனால் அந்த நேரம் உடல் கொழுப்பை எரிக்கப் பழகி, சீனியை வாங்க மறுக்கிற நிலையில் இருக்கும். நோயில்லாதவருக்கே சீனி எகிறும். திடீரென்று மாச்சத்து வந்ததும் இன்சுலின் பொங்கி, இரத்தத்தில் இருக்கும் பொஸ்பரசு, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் கலங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் இவை ஒரேயடியாக விழுந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். மெலிந்தவர்கள், வயதானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூட. 5 நாளுக்கு மேல் எதுவும் உண்ணாதவருக்கு முதல் இரண்டு நாளும் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி. நமது ஆறு நாள் அந்தக் கோட்டைத் தாண்டியது. ஆகவே பாறணையன்று ஒரு கோப்பை பால்கஞ்சி. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஓர் அகப்பை சோறும் பருப்பும். வடையும் பாயசமும் இரண்டு நாள் பொறுக்கட்டும். கால் வீங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஆறு நாளும் உபவாசம் இருந்தால்தான் விரதம் என்று பெரியம்மாவும் நம்பியிருந்தார். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையே, இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு சட்டியன்று மட்டும் உபவாசம் இருக்கலாம் என்கிறது. அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவர் மனம் இறங்கியது. இப்போது கிளினிக்கில் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார்கள். ஐந்து நாளும் மத்தியானம் ஒருபொழுது சாப்பிடுகிறார். ஆறாம் நாளும் முழுப்பட்டினி இல்லை, அளவாகப் பாலும் ஒரு வாழைப்பழமும். போன வருடம் நல்லூர் வீதியில் சூரன் தலை மாறி மாறி வருவதை நின்று பார்த்தார். கைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மடித்த சீனிப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.