சபையின் கல்வி உதவி: நல்ல மனதோடு நாம் செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் இதைப் பார்க்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையும் நோட்டும் கொடுப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். கொடுப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது எப்படி இருக்கும்? அவனோடு படிக்கிறவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அவன் கோயிலுக்கே வரத் தயங்குவான். பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், போட்டோ வேண்டாம்.

இதைவிடப் பெரிய இழப்பைத் தரும் தவறு ஒன்று உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, காணிக்கைப் பணத்தில் மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அடுத்த வருஷமே அதைப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பதுதான் முதல் கேள்வி. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து நான்கு வருஷம், வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும். அதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்தான். இவ்வளவையும் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு, இரண்டு வருஷம் கழித்துப் புதுக் கமிட்டி வந்து "நிதி இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? அப்படி நடுவில் நின்றுபோன ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு உதவியிருக்கும்.

மாலைப் படிப்பகம் நல்ல காரியம். அதை நடத்தும் வாலிபருக்கு மாதம் ஒரு சிறு தொகையாவது கொடுங்கள். "ஊழியம்தானே" என்று சும்மா விட்டால், வேலை கிடைத்ததும் பாதியில் போய்விடுவார். அப்புறம் டிசம்பர். அரையாண்டுத் தேர்வு வருகிற அதே வாரங்களில்தான் நாமும் கிறிஸ்துமஸுக்காக நாடக ஒத்திகை, பாட்டு ஒத்திகை, வீடு வீடாகப் பாடிப்போகும் கீத பவனி என்று ராத்திரி பத்து மணி வரை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிகிறோம். ஒத்திகையை நவம்பரிலேயே முடித்துவிடலாம். பெற்றோர் கூட்டத்தையும் பகலில் வைத்துவிட்டு "தாய்மாருக்கு அக்கறை இல்லை" என்று குறைப்படக் கூடாது. பீடி சுற்றுகிற அம்மா கடையில் பீடியை ஒப்படைத்த பிறகுதான் வர முடியும்.

குடும்பங்களுக்குள் போகும்போது நாக்கைக் காக்க வேண்டும். கணவன் குடிக்கிறான் என்று ஒரு அக்கா அழுதுகொண்டே சொன்னது, புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் பெயரோடு ஜெபக்குறிப்பாக வந்தால் அவள் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். உதவி வாங்குகிற வீடு ஓய்வுநாள் பள்ளிக்கு, அதாவது ஞாயிறு பள்ளிக்கு, ஒழுங்காக வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1780-களில் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளி நடத்தியது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கற்றுக்கொடுக்கத்தான்.

பிள்ளைகளோடு எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தது தெரிந்தால் "சபைக்குள் பேசித் தீர்ப்போம்" என்று உட்காரவே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் படிப்பகச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்குச் சால்வை போடுகிறோம், சரி. தவறிய பிள்ளையின் வீட்டுக்கு யார் போகிறார்கள்? துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் அவன் கேரளாவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் பஸ் ஏறியிருப்பான். ரிசல்ட் வந்த அன்றைக்கே இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய், தேர்வுக் கட்டணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.